மாஸ் போல் என்ற பெயரில் விற்கும் நார்க்குச்சி

மாதவரம், செங்குன்றம் பக்கத்து நர்சரிகளில் 'மாஸ் போல்' (moss pole, கொடி ஏற நடும் பாசிக்குச்சி) கேட்டால், பிவிசி பைப் மேல் தேங்காய் நார்க்கயிறு சுற்றிய குச்சியைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். மாஸ் பெயரில் மட்டும்தான். மணி பிளான்ட்டுக்கு அது தாராளம். சுவர் கிடைத்தாலும் ஏறிவிடும் ஜாதி. மெலனோகிரைசம் பிலோடென்ட்ரானுக்கு வாங்கினால் தண்டச் செலவு.

மெலனோகிரைசம் கொலம்பியாவின் ஈரக்காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. கணுவில் வரும் காற்றுவேர் ஈரத்துக்குள் நுழைந்து நிலைத்தால்தான் அடுத்தடுத்த இலை பெரிதாகும். இளஞ்செடியில் உள்ளங்கை அளவு செம்பு நிற இலை. நன்றாக ஏறிய கொடியில் 60 செ.மீ. நீள கரும்பச்சை வெல்வெட் இலை. இரண்டும் வேறு செடி என்று நம்பி, தாவரவியலாளர்களே தனித்தனிப் பெயர் வைத்த காலம் உண்டு. நார்க்குச்சியில் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடி, மிச்சமும் சீக்கிரம் காய்கிறது. வேர்நுனி கருகிவிடும், இலை சின்னதாகவே வரும்.

நாங்கள் பரிந்துரைப்பது, முதுகுப்பக்கம் மூடி முன்பக்கம் மட்டும் வலை உள்ள பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஸ்பேக்னம் பாசி. பாசி சிலி, நியூசிலாந்திலிருந்து வருவதால் விலை கூடத்தான். ஆனால் தன் எடையைப் போல 15 மடங்குக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும். முதுகு மூடியிருப்பதால் ஈரமும் நிற்கும். பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, லேசாகப் பிழிந்து, தளர்வாக நிரப்புங்கள். அழுத்தித் திணித்தால் காற்றில்லாமல் வேர் அழுகும். காற்றுவேர் வரும் பக்கம் வலையை ஒட்டி இருக்க வேண்டும். தண்டைத் துணிப்பட்டையால் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள். வெளிச்சத்துக்குத் திரும்ப முடியாமல் காம்பு முறியும்.

இந்தக் கூட்டின் பெரிய குறை அடிப்பகுதி. எடையே இல்லை. கொடி மூன்றடி தாண்டினால் தொட்டியோடு சாயும், காசிமேட்டுக் கடல்காற்றில் பால்கனியில் வைத்தால் அதற்கு முன்பே. கனமான மண்தொட்டி வைத்து, அடியில் கருங்கல் ஜல்லி போடுங்கள். இன்னொன்று: பாசி ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழியவிடும். ஊசியால் துளையிட்ட பாட்டிலை உச்சியில் கவிழ்த்துச் சொட்டவிட்டால் மெல்ல ஊறும்.

தண்ணீர் விஷயத்தில்தான் வடசென்னைக்காரர்கள் அதிகம் தோற்கிறார்கள். கடலோரத்து போர் தண்ணீரில் உப்பு. ஈரம் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் பாசியில் தங்கி வெள்ளையாகப் பூக்கும், இலைநுனி பழுப்பாகும். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் இதைவிட மோசம், அதில் உப்பு இன்னும் செறிவு. மழைநீர் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, அதையும் பிடித்து ஊற்றலாம். ஆனால் செடியை ஏசி காற்றுக்கு நேரே வைத்தால் புது இலை உறையிலிருந்து பிரியாமல் கிழியும். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், மாதம் இருமுறை. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீர் இரண்டு லிட்டர் உச்சியிலிருந்து ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

தொட்டிக் கலவை: தேங்காய் மட்டைச் சில்லு 2 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) 1, அடுப்புக்கரித் துண்டு 1, மண்புழு உரம் அரை. சில்லிலும் இயல்பாகவே உப்பு உண்டு, இரண்டு மூன்று முறை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றாமல் போடாதீர்கள். எண்ணூர்ப் பக்கத்தில் இலையில் படியும் சாம்பல் தூசியைத் துணியால் துடைத்தால் வெல்வெட் போய்விடும். மெல்லிய தூறலாகத் தண்ணீர் அடித்தால் போதும். கத்திரி வெயிலில் மாடியில் வேண்டாம், கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்.

கொடி உச்சியைத் தொட்டதும் கூட்டின் பெரிய லாபம் தெரியும். பாசிக்குள் வேர் பிடித்த மேல்பாதியைக் கூட்டோடு வெட்டித் தனித் தொட்டியில் நட்டால், இலை சிறுக்காமல் வளர்ச்சி தொடரும். நார்க்குச்சியில் வெட்டிய துண்டுக்கு இப்படிப் பிடித்து வளர்ந்த வேர் அநேகமாக இருக்காது.