ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்: ஸ்காஃபோல்டு புரதம் தேடுபவருக்கு எவ்வளவு உதவும்?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் உயிரியல் படிப்பவருக்கு ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் என்ற இந்த இணையதளத்தைவிட நல்ல இலவசச் சேவைகள் அதிகம் இல்லை, ஆனால் ஸ்காஃபோல்டு புரதம் (மற்ற புரதங்களை ஒன்றுசேர்த்துப் பிடிக்கும் புரதம்) என்று வந்தால் இது பாதிக் கதையோடு நின்றுவிடும்.

2003-ல் ஸ்வீடனில் மத்தியாஸ் உலேன் தலைமையில் தொடங்கிய திட்டம் இது. மரபணுவின் பெயரைத் தட்டினால் அதன் புரதம் எந்தெந்தத் திசுவில், செல்லுக்குள் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று படத்தோடு வரும். தேடும் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடி ஒட்டிய இடம் திசுப் படத்தில் பழுப்பு, உட்கரு நீலம். சுமார் 20 வகைப் புற்றுநோய்களின் திசுப் படங்களும் உண்டு, பணமும் கேட்பதில்லை, கணக்கும் தொடங்கச் சொல்வதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது ஆன்டிபாடியை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களே தரம் போட்டுச் சொல்லிவிடுவது. விற்கிற கம்பெனி எதுவும் தன் சரக்கைப் பற்றி 'இது சந்தேகம்தான்' என்று எழுதி நான் பார்த்ததில்லை.

சரி, சிக்கல் எங்கே? ஸ்காஃபோல்டு புரதம் பெரும்பாலும் தானாக எந்த வினையையும் நடத்தாது, ராஃப், மெக், எர்க் மாதிரி செல்லைப் பெருகச் சொல்லும் சமிக்ஞையை வரிசையாகக் கடத்தும் என்சைம்களை ஒரே இடத்தில் சேர்த்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: தரகரே இல்லாவிட்டாலும் கஷ்டம், அளவுக்கு மீறித் தரகர்கள் கிளம்பி ஒருவர் கையில் பெண் ஜாதகம், இன்னொருவர் கையில் மாப்பிள்ளை ஜாதகம் என்று ஆளுக்கொன்றாய் வைத்துக்கொண்டாலும் கல்யாணம் நடக்காது. கேஎஸ்ஆர்1 என்ற ஸ்காஃபோல்டு புரதம் இப்படித்தான், கூடினாலும் எர்க் சமிக்ஞை குறைகிறது, குறைந்தாலும் குறைகிறது. அந்த மரபணுவை நீக்கிய எலிகள் பெரிய குறையில்லாமல் வளர்கின்றன, ஆனால் ராஸ் என்ற புற்றுநோய் மரபணு தூண்டும் தோல் கட்டிகள் அவற்றில் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. ஆக, பழுப்பு அடர்த்தியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இந்தப் புரதம் கட்டியை வளர்க்கிறதா தடுக்கிறதா என்று சொல்ல வழியில்லை.

ஆக்சின் என்ற ஸ்காஃபோல்டு புரதத்தின் நிலை இன்னும் மோசம். செல்லைப் பெருகத் தூண்டும் பீட்டா-கேட்டினின் புரதத்தை அழிக்கும் புரதக் கூட்டத்தின் நடுவே நிற்பது அதுதான், கல்லீரல் புற்றுநோய் சிலவற்றில் ஆக்சின்1 மரபணு பழுதாகி பீட்டா-கேட்டினின் குவிந்துவிடுகிறது. ஆனால் கூட்டத்தின் மற்ற உறுப்பினர்களைவிட ஆக்சின் மிகமிகக் குறைவு என்று தவளை முட்டைச் சாற்றில் அளந்திருக்கிறார்கள், அவ்வளவு சொற்பமான ஒன்றைச் சாயம் போட்டுத் தேடினால் என்ன தெரியும்?

ஐக்யூகேப் என்ற ஸ்காஃபோல்டு புரதக் குடும்பத்துக்கு மட்டும் அட்லஸ் நன்றாகவே கைகொடுக்கிறது. ஐக்யூகேப்1 பல புற்றுநோய்களில் கூடுதலாகக் காணப்படுகிறது, உடன்பிறப்பான ஐக்யூகேப்2-ஐ இழந்த எலிகளுக்கோ கல்லீரல் புற்றுநோய் வருகிறது. இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்து திசு திசுவாக ஒப்பிடுங்கள், நேரம் போவதே தெரியாது.

ஒரு மரபணுவின் செயல்பாடு அதிகமுள்ள நோயாளிகளும் குறைந்த நோயாளிகளும் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று அட்லஸ் காட்டும் உயிர்பிழைப்பு வரைபடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நோயாளிகளை 'அதிகம்', 'குறைவு' என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை, இரு குழுவுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும் இடத்தில்தான் போடுகிறார்கள், அதனால் சாதாரண வித்தியாசமும் பெரிதாகத் தெரியலாம். இதை அவர்கள் மறைக்கவில்லை, ஆனால் செமினாருக்குப் படத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை.

இதில் என் பெரிய மனக்குறை, யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்பது திசுப் படத்தில் தெரியாது என்பதுதான். மருந்து வேலை செய்வதே அந்தச் சேர்க்கையில்தான். மெனின் என்ற ஸ்காஃபோல்டு புரதம் கேஎம்டி2ஏ என்ற இன்னொரு புரதத்தோடு சேராமல் தடுக்கும் ரெவுமெனிப் மாத்திரைக்கு 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது, மெனின் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த யோசனை வந்திருக்காது.

ஐந்துக்கு நான்கு தருவேன். பிரவுசரில் இன்னொரு டேபைத் திறந்து ஸ்ட்ரிங் இணையதளத்துக்குப் போய், புரதங்களின் தொடர்புகளை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், திசுப் படங்கள் பெரியவை, போனில் முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.