இரண்டு டம்ளர் காப்பியும் ஆறு கிளாஸ் டீயும்

சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடியில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்த பேன்ட் துணியை எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்தபோது, அவர் நாடாவைச் சுற்றிப் பார்த்து 40 அங்குலம் என்று குறித்துக்கொண்டார். சென்டிமீட்டரில் அது 101-ஐத் தாண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது எனக்கு முன்பே தெரியும். வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், அந்த எண்ணை இன்னொருவர் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் நான் வாயில் வைக்கும் ஒவ்வொன்றையும் கணக்கெடுக்கத் தொடங்கினேன். அந்தக் கணக்கில் முதலில் வந்து நின்றவை காப்பியும் டீயும்.

காலையில் வீட்டில் ஒரு காப்பி, மாலையில் திரும்பியதும் ஒரு காப்பி. நடுவே, மண்ணடியில் நான் வேலை பார்க்கும், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் அலுவலகத்தில், கடைப்பையன் பிளாஸ்க்கில் கொண்டுவரும் டீ ஐந்தாறு கிளாஸ். இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து டீயை விட்டேன். காப்பியை மட்டும் சர்க்கரையில்லாமல் வைத்துக்கொண்டேன். ஏழு மாதத்தில் எடை 82 கிலோவிலிருந்து 77-க்கும், இடுப்பு 95 சென்டிமீட்டருக்கும் இறங்கின. ஆகவே நான் காப்பியின் பக்கம் நின்று பேசுகிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் காப்பி வென்றதற்கான காரணம், காப்பி கொழுப்பை எரிக்கும் என்று நண்பர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் வருகிற காரணம் அன்று.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். தொப்பையை மட்டும் தேடிச் சென்று கரைக்கும் பானம் எதுவும் இல்லை. உடம்பு கொழுப்பை எந்த இடத்திலிருந்து முதலில் எடுக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பாலும் சர்க்கரையும் சேராத வெறும் டிகாக்‌ஷனிலும் வெறும் தேநீரிலும் கலோரி ஏறக்குறைய இல்லை. இரண்டிலும் கஃபீன் உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லி வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65 வரையும், தேநீரில் 30 முதல் 65 வரையும் கஃபீன் இருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கஃபீன் கொழுப்பை எரிக்கிறது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையின் அளவை யாரும் சொல்வதில்லை. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், 100 மில்லிகிராம் கஃபீன் கொடுத்தபோது அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு, ஓய்வில் இருக்கும் உடம்பு செலவிடும் ஆற்றல் 3 முதல் 4 விழுக்காடு கூடியது. என்னைப் போன்ற ஒருவரின் உடம்பு ஓய்வில் மணிக்கு ஏறத்தாழ 65 கலோரி செலவிடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரத்தில் கூடுதலாகச் செலவாவது ஐந்தாறு கலோரிதான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 5 கிராம். அதில் 20 கலோரி. அதாவது ஒரு டம்ளர் நல்ல காப்பி எரித்துக் கொடுப்பதைப்போல மூன்று மடங்கை, அதே டம்ளரில் போடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை திருப்பிச் சேர்த்துவிடுகிறது. அதே ஆய்வில், பகல் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று ஆறு தடவை கஃபீன் கொடுத்தும் பார்த்தார்கள். ஒல்லியானவர்களுக்கு நாளொன்றுக்கு 150 கலோரி கூடுதலாகச் செலவானது; முன்பு பருமனாக இருந்து இளைத்தவர்களுக்கு அது 79 கலோரி மட்டுமே. ஆறு தடவை என்பது 600 மில்லிகிராம், நமக்குச் சொல்லப்பட்ட எல்லையைப்போல இரு மடங்கு. இளைக்க வேண்டியவருக்குப் பயன் பாதிதான் என்ற அந்த ஒரு செய்தியே, கஃபீனை நம்பி எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எனக்கு உணர்த்தியது.

தேநீருக்கு ஒரு தனிச் சிறப்பு சொல்வார்கள்: அதிலுள்ள கேட்டசின்கள் என்னும் தாவரச் சேர்மங்கள், குறிப்பாகக் கிரீன் டீயில் நிறைந்திருப்பவை. இதுகுறித்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2012-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வு, கிரீன் டீயால் ஏற்படும் எடை இழப்பு மிகச் சிறியது, மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று என்ற முடிவுக்கு வந்தது. நான் கிரீன் டீயை மூன்று வாரத்துக்கு மேல் குடித்ததில்லை. அந்தச் சுவை எனக்குப் பழகவில்லை. ஆகவே என் உடம்பைச் சான்றாகக் காட்டி அதைப் பற்றி எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் கிரீன் டீயின் சாற்றை மாத்திரையாக விற்பதை வாங்கி விழுங்குவோர் கவனமாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. என்னும் கேட்டசின் மாத்திரை வழியாகச் சென்றால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. கோப்பையில் ஊற்றிக் குடிப்பது வேறு, மாத்திரை வேறு.

காப்பியைப் பற்றி எனக்கு மிகவும் உதவியது 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. செவிலியர்கள் உள்ளிட்ட மருத்துவத் துறையினரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சர்க்கரையில்லாத காப்பியை நாளுக்கு ஒரு கப் கூட்டியவர்களுக்கு நான்காண்டில் ஏறும் எடை 0.12 கிலோ குறைவாக இருந்தது; ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை கூட்டியவர்களுக்கு 0.09 கிலோ அதிகமாக இருந்தது. இரண்டுமே மிகச் சிறிய எண்கள். கஃபீன் நீக்கிய காப்பிக்கும் அதே 0.12 கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கஃபீன்தான் எல்லாம் செய்கிறது என்ற வாதம் மேலும் தளர்கிறது. இது கவனித்து எழுதிய ஆய்வே தவிர, ஊட்டிப் பார்த்த சோதனை அன்று. காப்பி குடிப்பவர்களின் மற்றப் பழக்கங்களும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கலாம்.

ஆக, பானத்தின் உள்ளே இருக்கும் குணத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனக்குத் தீர்ப்பு சொன்னது வேறொன்று: சர்க்கரையின் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பது. வடசென்னையில் காப்பி பெரும்பாலும் வீட்டுப் பானம். டீ தெருவின் பானம். கடையில் நேரில் நின்று கேட்டால் மாஸ்டர் கிளாஸில் சர்க்கரை போடாமலே ஆற்றிக் கொடுப்பார். அதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் அலுவலகத்துக்கோ பட்டறைக்கோ துறைமுகத்துக்கோ செல்லும் டீ பிளாஸ்க்கில் செல்கிறது. அதில் சர்க்கரை முன்கூட்டியே கலந்தாகிவிடுகிறது. ஒரு நாள் நானே கடைக்குச் சென்று, ஒரு லிட்டர் பிளாஸ்க்குக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டேன். “நூறு கிராம் போடுவேண்ணே. கம்மி பண்ணா ஆபீஸ்ல இருந்து திட்டுவாங்க” என்றார் மாஸ்டர். பத்துப் பேருக்கு ஊற்றும் பிளாஸ்க் அது. ஒரு கிளாஸுக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு கிளாஸுக்குச் சர்க்கரை 60 கிராம், 240 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த எல்லைப்படி, 2000 கலோரி உண்ணும் ஒருவர் நாள் முழுவதற்குமே 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நான் டீயில் மட்டுமே அதைத் தாண்டியிருந்தேன். பண்டிகை இனிப்பும் குளிர்பானமும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஒவ்வொரு கிளாஸிலும் உள்ள பாலையும் சேர்த்தால் ஆறுக்கும் ஏறத்தாழ 480 கலோரி. இரண்டு டம்ளர் காப்பி முன்பும் இருந்தது; ஆகவே டீயை விட்டதில் மட்டும் நாளுக்கு மிச்சம் 480. ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7700 கலோரி. காகிதக் கணக்குப்படி பதினாறு நாளுக்கு ஒரு கிலோ, ஏழு மாதத்துக்கு ஏறத்தாழப் பதின்மூன்று கிலோ குறைந்திருக்க வேண்டும். எனக்குக் குறைந்தது ஐந்து. எடை குறையக் குறைய உடம்பு செலவிடுவதும் குறைகிறது. டீயை விட்ட தொடக்க வாரங்களில் மதியம் நான் கூடுதலாகச் சோறு உண்டதும் உண்மை.

எண்ணிக்கை என்பது இன்னொரு பக்கம். காப்பியை யாரும் எனக்கு ஆறு முறை கொண்டுவந்து நீட்டுவதில்லை. டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, ஆற்றிக் குடிக்க வேண்டிய பொருள் என்பதால் அது இரண்டோடு நின்றுவிடுகிறது. டீ அப்படியன்று, கண்டெய்னர் வர நேரமானால் ஒரு டீ, கையெழுத்துக்குக் காத்திருந்தால் ஒரு டீ, ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு டீ. அது தனியாகவும் வருவதில்லை. காலையில் பட்டர் பிஸ்கட், பதினொரு மணிக்குச் சமோசா, நான்கு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜியோ மசால் வடையோ. எண்ணெயில் பொரித்த அந்த இரண்டு பஜ்ஜியின் கலோரி, உடன் குடித்த டீயின் கலோரியை எளிதாகத் தாண்டிவிடும். டீயை நிறுத்தியபோது இவை தாமாகவே நின்றுபோயின. பஜ்ஜியை விட வேண்டும் என்று நான் தனியாக உறுதி எடுத்துக்கொள்ளவே இல்லை. என் இடுப்பளவில் குறைந்ததில் பெரும்பங்கு இதற்கே உரியது என்று நினைக்கிறேன்.

சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் எடை ஏறாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நம்புகிறார்கள். மதிப்போடு சொல்கிறேன், கலோரிக் கணக்கில் அவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பாலில் மட்டும் கொஞ்சம் இடம் உண்டு. 6 விழுக்காடு கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் 100 மில்லிக்கு ஏறத்தாழ 90 கலோரி. 3 விழுக்காடுள்ள நீலப் பாக்கெட் 60. காப்பி கெட்டியாக வேண்டும் என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டிருந்த நாங்கள் நீலத்துக்கு மாறினோம்.

சர்க்கரையில்லாத காப்பி முதல் இரண்டு வாரம் கசந்தது. ஒரு கரண்டியை முக்கால், அரை, கால் என்று வாரத்துக்கு ஒரு படியாகக் குறைத்ததும், சிக்கரி குறைந்த தூளுக்கு மாறியதும் உதவின. சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருந்தால் போதும் என்பது விதி. மீதி முழுதும் சிக்கரியாக இருக்கலாம். சிக்கரியில் கஃபீன் இல்லை. முதல் டிகாக்‌ஷனைச் சூடாறுவதற்குள் கலந்துவிட்டால் பாலின் இயற்கை இனிப்பே போதுமானதாக இருக்கிறது. இரண்டாம் டிகாக்‌ஷனைச் சர்க்கரையில்லாமல் குடிப்பது எனக்கு இன்றும் இயலவில்லை.

டீ மேலாக நிற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். பாலில்லாத காப்பியை விட, பாலும் சர்க்கரையும் இல்லாமல் எலுமிச்சை பிழிந்த தேநீர் பெரும்பாலோர்க்கு எளிதாக இறங்கும். மண்ணடிக் கடைகளில் சுலைமானி என்று கேட்டு, சர்க்கரை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டால் கலோரி ஏறக்குறைய இல்லாத பானம் கைக்கு வரும். இந்தப் பழக்கம் வசப்பட்டவருக்கு என் காப்பி வாதம் தேவையே இல்லை. தூக்கம் இன்னொன்று. உள்ளே சென்ற கஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுகிறது. மாலை ஏழு மணிக்குக் காப்பி குடித்து நள்ளிரவு வரை விழித்திருப்பவர், பகலில் மிச்சம் பிடித்ததை இரவில் இழக்கிறார். அதனால் நான் என் இரண்டாவது டம்ளரை மாலையிலிருந்து மதியம் மூன்று மணிக்கு மாற்றி, அலுவலகத்துக்குச் சிறு பிளாஸ்க்கில் கொண்டுசெல்கிறேன். டீயும் காப்பியும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி சொல்வது, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஈர்த்துக்கொள்வதை இவை குறைப்பதால். இரத்தசோகை உள்ள பெண்கள் இருக்கும் வீட்டில் அது எடையைவிட முதன்மையானது.

என் அனுபவம் ஒரே ஓர் ஆணின் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில், தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறாமல் வீட்டுக்கு நடக்கவும் தொடங்கியிருந்தேன்; அதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் மனைவி காப்பியைத் தொடுவதில்லை. வீட்டில் தானே போட்டு, அரைக் கரண்டிச் சர்க்கரையோடு நாளுக்கு இரண்டு டீ குடிக்கிறார். பல ஆண்டுகளாக அவர் எடை அதிகம் மாறியதில்லை. அவர் கையில் கரண்டி இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு என் நாடா 95-லேயே நிற்கிறது, அசையவில்லை. இந்த மாதத்திலிருந்து மதியக் காப்பியில் பாலைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். அடுத்த அளவைச் சித்திரை முதல் தேதி எடுப்பேன்.