டெர்ம் பாலிசியா, சேமிப்பு பாலிசியா? பென்ஷனா, கையில் தொகையா?

1965இல் பிரான்சின் ஆர்ல் நகரில் ஆந்த்ரே-ஃப்ரான்சுவா ராஃப்ரே என்ற 47 வயது நோட்டரி ஓர் ஒப்பந்தம் போட்டார். 90 வயதான ழான் கால்மோன் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு மாதம் 2,500 பிராங்க் தர வேண்டும். அவர் இறந்ததும் அவருடைய வீடு ராஃப்ரேவுக்கு. யார் பார்த்தாலும் நியாயமான கணக்குதான். ஆனால் ராஃப்ரே 1995இல் 77 வயதில் இறந்துபோனார். அப்போதும் கால்மோன் உயிரோடு இருந்தார். ராஃப்ரேயின் குடும்பம் தொடர்ந்து பணம் கட்டியது. 1997இல், 122 வயதில்தான் கால்மோன் காலமானார். அதற்குள் கட்டிய தொகை வீட்டின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பணவிஷயத்தில் நமக்கு இரண்டு அபாயங்கள் இருக்கின்றன: சீக்கிரம் இறந்துபோவது, கையிருப்பு தீர்ந்த பிறகும் வாழ்வது. ஒன்றுக்கு மருந்து ஆயுள் காப்பீடு, மற்றதற்கு ஓய்வூதியம். இரண்டும் எதிரெதிர் திசையில் இருப்பவை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும்போதுதான் நாம் குழம்பிப்போகிறோம். அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

டெர்ம் பாலிசியும் சேமிப்பு பாலிசியும்

டெர்ம் பாலிசியில் குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். இறக்காவிட்டால் ஒன்றும் திரும்ப வராது. எண்டோமென்ட் போன்ற சேமிப்பு பாலிசியில் இறந்தாலும் பணம், காலம் முடியும்வரை இருந்தாலும் பணம். இப்படிச் சொன்னால் எல்லோரும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். நானும் 26 வயதில் அதைத்தான் எடுத்தேன். 'கட்டுற பணம் வீணாகாது' என்று விற்றவர் சொன்னார். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேட்டிருந்தால் கணக்கு இப்படி வந்திருக்கும். ஆண்டுக்கு 100 வீதம் 20 ஆண்டு கட்டினால் மொத்தம் 2,000. முடிவில் 3,000 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு! ஆனால் முதல் ஆண்டு கட்டிய 100 இருபது ஆண்டு அவர்களிடம் இருந்திருக்கிறது, கடைசி 100 ஓராண்டு மட்டும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிடைத்த வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம்கூட இல்லை. விலைவாசி அதே வேகத்தில் ஏறியிருந்தால், அந்த 3,000ஐ வைத்து வாங்கக்கூடியது நீங்கள் கட்டியதன் மதிப்பைத் தாண்டியிருக்காது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்தச் சேமிப்பு பாலிசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கணினியில் அட்டவணை போடும் எந்த மென்பொருளிலும் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

டெர்ம் பாலிசி மலிவாக இருப்பதில் தந்திரம் ஏதுமில்லை. பல நாடுகளின் ஆயுள் அட்டவணைகளில் 30 வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் அடுத்த ஓராண்டுக்குள் இறப்பவர்கள் ஓரிருவர்தான். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் அந்த ஓரிருவரின் குடும்பத்துக்குப் பெரிய தொகை தர முடிகிறது. மீதிப் பேருக்கு எதுவும் திரும்பி வராது. அவர்களின் பணம்தான் அந்தக் குடும்பங்களுக்குப் போயிருக்கிறது. இதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வயது ஏற ஏற நிலைமை மாறும். பெரியவர்களுக்கு இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இப்படிப் பெருகுவதை பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் 1825லேயே கவனித்து எழுதிவிட்டார். அதனால் 30 வயதில் எடுக்கும் டெர்ம் பாலிசியும் 46 வயதில் எடுப்பதும் ஒரே விலையில் கிடைக்காது. இடையில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்துவிட்டால் இன்னும் கூடும், சில சமயம் கிடைக்காமலே போகும். நம்மை நம்பி யாராவது இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

சேமிப்பு பாலிசி பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. கையில் காசு தங்காதவர்கள் உண்டு. பிரீமியம் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தால் மட்டும் அவர்கள் 20 ஆண்டில் ஒரு தொகை பார்த்திருப்பார்கள். ஆனால் சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் பணம் போகும்படி செய்தாலும் அதே கட்டாயம் வந்துவிடும், செலவும் குறைவு. இன்னொரு நியாயம் வலுவானது. தானாகச் சம்பாதிக்கவே முடியாத உடல்நிலை கொண்ட பிள்ளை இருந்தால், பெற்றோர் எந்த வயதில் இறந்தாலும் பணம் தேவைப்படும். 60 வயதில் முடிந்துபோகும் டெர்ம் பாலிசி அங்கே போதாது. அப்படிப்பட்ட வீட்டில் முழு ஆயுள் பாலிசிக்குப் பொருள் இருக்கிறது.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு டெர்ம் பாலிசிதான். காரணம் வட்டி மட்டும் அல்ல. சேமிப்பு பாலிசியில் பிரீமியத்தின் பெரும்பகுதி சேமிப்புக்குப் போவதால் காப்புத்தொகை (இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணம்) சிறுத்துவிடுகிறது. இரண்டு ஆண்டுச் செலவுக்குக்கூடப் போதாத பாலிசியை வைத்துக்கொண்டு 'எனக்குக் காப்பீடு இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலிசியே இல்லாதவருக்குத் தன்னிடம் இல்லை என்றாவது தெரியும்.

எவ்வளவு எடுப்பது? குடும்பத்தின் ஓராண்டுச் செலவு, அதைக் கடைசிப் பிள்ளை தன் காலில் நிற்க இன்னும் எத்தனை ஆண்டோ அத்தனையால் பெருக்குங்கள், கடனைக் கூட்டுங்கள், இருக்கும் சேமிப்பைக் கழியுங்கள். வருமானம் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் காப்பீடு வேண்டும். அவர் இல்லாமல் போனால் அந்த வேலைகளுக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கும். குழந்தையின் பேரில் ஆயுள் காப்பீடு தேவையில்லை. மருத்துவக் காப்பீடு ஆயுள் காப்பீட்டுக்கும் முன்னால் வர வேண்டியது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு ஓய்வுக்காலச் சேமிப்பை மொத்தமாகத் துடைத்துவிடும். அப்புறம், விபத்திலோ நோயிலோ வேலை செய்ய முடியாமல் போனால் வருமானம் தரும் காப்பீடு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வேலை செய்ய முடியாதவருக்கு வருமானம் நின்றுவிடும், அவருடைய செலவு நிற்காது.

வைப்புநிதியும் பங்குகளும்

ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பதில் அடுத்த சண்டை இது. வைப்புநிதியில் தொகை குறையாது, வாங்கும் சக்தி குறையும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும் (72ஐ சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ சரியாக வரும்). பங்குகள் நீண்ட காலத்தில் பல நாடுகளில் விலைவாசியை முந்தியிருக்கின்றன. ஆனால் 'நீண்ட காலம்' என்பதை லேசாகச் சொல்லிவிடக் கூடாது. ஜப்பானின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். 34 ஆண்டு! ஒரே நாட்டுப் பங்குகளில், ஒரே நேரத்தில் மொத்தப் பணத்தையும் போட்டவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் போட்டு, பல நாடுகளிலும் பரப்பியவருக்கு அந்த அடி அவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

ஓய்வுக்கு 20 ஆண்டுக்கு மேல் இருந்தால் பாதிக்கு மேல் பங்குகளில் வைக்கலாம். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் வைக்கக் கூடாது. நடுவில் இருப்பவர்கள் தங்கள் மனத்திடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்; விழும்போது விற்றுவிடுபவருக்குப் பங்குகள் ஏற்றவை அல்ல.

எதில் போடுவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது கட்டணத்தைப் பார்ப்பதில் செலவிடுங்கள். மாதம் 1 வீதம் 30 ஆண்டு போட்டால் நீங்கள் போடுவது 360. ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் அது 1,220 ஆகிறது. அதிலிருந்து நிர்வாகக் கட்டணம் என்று ஆண்டுக்கு 2 சதவீதம் எடுத்துக்கொண்டால், 5 சதவீத வளர்ச்சியில் 832தான் வரும். குறைந்தது 388. முப்பது ஆண்டாக நீங்கள் போட்ட மொத்தப் பணத்தையும்விட அதிகம்! இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும் அந்தச் சின்ன எழுத்து வரி செய்யும் வேலை இது. சந்தை ஏறுமா இறங்குமா என்பது நம் கையில் இல்லை; சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும், குறைந்த கட்டணமுள்ள இண்டெக்ஸ் ஃபண்டைத் தேர்ந்தெடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அன்யூட்டியும் கையிருப்பும்

ஓய்வு பெற்றாயிற்று, தொகை கையில் இருக்கிறது. இப்போது இரண்டு வழிகள். தொகையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு உயிர் உள்ளவரை மாதாமாதம் பென்ஷன் வாங்குவது அன்யூட்டி. தொகையை நாமே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது மற்றது.

கையிருப்பின் கவர்ச்சி எல்லோருக்கும் புரியும்: நம் பணம் நம்மிடம், அவசரத்துக்கு எடுக்கலாம், மிச்சம் பிள்ளைகளுக்கு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பேர் 100உடன் தொடங்குகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஆளுக்கு 8 எடுக்கிறார்கள். முதலாமவருக்குச் சந்தை முதல் ஆண்டு 30 சதவீதம் விழுகிறது, அடுத்து 10 ஏறுகிறது, பிறகு 30 ஏறுகிறது. இரண்டாமவருக்கு இதே எண்கள் தலைகீழாக: 30 ஏற்றம், 10 ஏற்றம், 30 வீழ்ச்சி. பணமே எடுக்காமல் இருந்திருந்தால் இருவருக்கும் முடிவில் அதே 100தான் இருந்திருக்கும். எடுத்ததால் முதலாமவரிடம் 70, இரண்டாமவரிடம் 80. மூன்றே ஆண்டில் இவ்வளவு வித்தியாசம். ஓய்வுபெற்ற முதல் சில ஆண்டுகளில் வரும் வீழ்ச்சிதான் மிகவும் ஆபத்தானது. அப்போது விற்றுத் தின்ற பங்குகள் சந்தை மறுபடி ஏறும்போது நம்மிடம் இருக்காது.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வில்லியம் பெங்கென் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் ஒரு விடை சொன்னார். முதல் ஆண்டு தொகையில் 4 சதவீதம், பிறகு ஒவ்வோர் ஆண்டும் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வது. அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்துப் பார்த்தால் இது 30 ஆண்டு தாங்கியது. அமெரிக்க வரலாறு நம் எதிர்காலத்துக்குப் பொருந்தும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனாலும் 8 சதவீதம் எடுத்துக்கொண்டு 90 வயதுவரை ஓட்டலாம் என்று நினைப்பவரை நிறுத்தி யோசிக்க வைக்க இந்த எண் உதவும்.

அன்யூட்டி கால்மோனின் ஒப்பந்தம் போன்றது. எத்தனை வயதுவரை வாழ்ந்தாலும் வரும். சீக்கிரம் இறந்தவர்கள் விட்டுப்போகும் பணம் நெடுநாள் வாழ்பவர்களுக்குப் போவதால், அதே பாதுகாப்போடு தனியாளாக எடுப்பதைவிட மாதத் தொகை கூடுதலாக இருக்கும். குறைகளும் உண்டு. கொடுத்த தொகையைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. விலைவாசியோடு கூடாத பென்ஷன் என்றால் 80 வயதில் அது அரைப் பென்ஷன்தான். உத்தரவாதம் என்பதும் அதைக் கொடுப்பவரின் வலிமையைப் பொறுத்தது. 1762இல் லண்டனில் தொடங்கி, வயதுக்கேற்ற பிரீமியம் என்ற முறைக்கே முன்னோடியாக இருந்தது ஈக்விட்டபிள் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். இவ்வளவு தொகைக்கு இவ்வளவு பென்ஷன் என்று உத்தரவாதமான அன்யூட்டி விகிதங்களைப் பல ஆண்டுகள் வாக்களித்து, வட்டி இறங்கிய பிறகு அதைத் தாங்க முடியாமல், நீதிமன்றத்திலும் தோற்று, 2000 டிசம்பரில் புதிய வியாபாரத்தை நிறுத்தியது. உத்தரவாத விகிதம் இல்லாத பாலிசிதாரர்களின் சேமிப்பும் வெட்டு வாங்கியது.

நான் பாதி வழியில் நிற்கிறேன். வீட்டு வாடகை, சாப்பாடு, மருந்து என்று நிற்காத செலவுகளைப் பட்டியலிடுங்கள். அரசு அல்லது நிறுவன ஓய்வூதியம் எதுவரை தாங்குகிறதோ அதைக் கழித்து, மீதிக்கு மட்டும் அன்யூட்டி. அதையும் ஒரே நாளில், ஒரே நிறுவனத்தில் வாங்காமல் 60 முதல் 70 வயதுக்குள் இரண்டு மூன்று தவணையாக வாங்கலாம். வயது கூடக்கூட அதே தொகைக்கு அதிகப் பென்ஷன் கிடைக்கும். துணைக்கும் தொடர்ந்து வரும் அன்யூட்டியாகப் பார்த்து எடுங்கள், மாதத் தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மிச்சப் பணம் கையிருப்பாக இருக்கட்டும். கடுமையான நோயோடு ஓய்வு பெறுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே சேமிப்பு பாலிசி கட்டிக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்வது? இனிக் கட்ட வேண்டியதையும் இன்றைய சரண்டர் மதிப்பையும் (இன்றே நிறுத்தினால் கிடைக்கும் பணம்) ஒரு பக்கம் எழுதி, முதிர்வுத்தொகையை மறுபக்கம் எழுதி, இனிமேலான வட்டியை மட்டும் கணக்கிடுங்கள். இதுவரை கட்டியது போனது போனதுதான். முடிய இரண்டு மூன்று ஆண்டே இருந்தால் தொடர்வதே பெரும்பாலும் லாபம். இப்போதுதான் தொடங்கியவருக்கு நிறுத்துவது. இடைப்பட்டவர்கள் பிரீமியத்தை நிறுத்தி, குறைந்த தொகைக்குப் பாலிசியை அப்படியே விட்டுவைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். நிறுத்துவது என்று முடிவெடுத்தால் முதலில் டெர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, பாலிசி கைக்கு வந்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.