ஐ.பி. பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கப் போகும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னைப் புறநகரில் இயங்கும் ஒரு சர்வதேசப் பள்ளி, மேல்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கல்விப் பாதை வகுத்துத் தருவதாகச் சொல்லி, பொறியியல் படிக்க விரும்பிய என் மகனை, அவன் போக நினைத்த ஜெர்மனியிலும் சொந்த மாநிலத்திலும் பொறியியல் சேர்க்கைக்கு உதவாத ஒரு பாடத் தொகுப்பில் சேர்த்தது. அதைச் சரிசெய்து தரும்படி கேட்டபோது, டிப்ளமாவையே விட்டுவிடலாம் என்று ஆலோசனை கூறியது. இதனால் அவனுக்கு ஓர் ஆண்டு வீணாயிற்று. எங்களுக்குப் பல லட்சம் ரூபாய் போயிற்று. பள்ளியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேறு பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் சிலரும் ஏறக்குறைய இதே அனுபவத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதால், இந்த நடைமுறையைப் பற்றி எச்சரிப்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஐ.பி. என்று அழைக்கப்படும் இன்டர்நேஷனல் பாக்கலோரியட், 1968இல் ஜெனிவாவில் தொடங்கப்பட்டது. அதன் டிப்ளமா என்பது பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு வகுப்புகளிலும் நடக்கும் படிப்பு. மாணவர் ஆறு பாடங்களை எடுக்க வேண்டும். அவற்றில் மூன்றையோ நான்கையோ ஹையர் லெவலிலும், மற்றவற்றை ஸ்டாண்டர்ட் லெவலிலும் படிக்க வேண்டும். ஹையர் லெவலுக்கு 240 மணி நேரமும் ஸ்டாண்டர்ட் லெவலுக்கு 150 மணி நேரமும் கற்பித்தல் நேரமாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாடத்துக்கும் அதிகபட்சம் 7 புள்ளிகள்; ஆறு பாடங்களோடு எல்லோரும் செய்ய வேண்டிய நீள்கட்டுரை, அறிவுக் கோட்பாடு இரண்டும் சேர்ந்து 3 புள்ளிகள்; ஆக மொத்தம் 45. டிப்ளமா பெறக் குறைந்தது 24 புள்ளிகள் வேண்டும், அவற்றோடு வேறு சில நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். இந்த அளவுக்கு எல்லாப் பள்ளிகளும் பெற்றோர் கூட்டத்தில் அழகாக விளக்குகின்றன. எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு மூடும் என்பதைத்தான் விளக்குவதில்லை.

என் மகன் பத்தாம் வகுப்பில் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை முடித்தவன். எட்டாம் வகுப்பிலிருந்தே இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் என்று சொல்லிவந்தான். அதற்காக மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டிருந்தான். கல்விப் பாதை பற்றிய சந்திப்பில் பள்ளியின் கவுன்சிலரிடமும் டிப்ளமா ஒருங்கிணைப்பாளரிடமும் இதை நானும் என் கணவரும் தெளிவாகச் சொன்னோம். பள்ளி கொடுத்த படிவத்தில் "விரும்பும் துறை" என்ற கட்டத்தில் "இயந்திரப் பொறியியல், ஜெர்மனி" என்று எழுதியும் கொடுத்தோம். அதன் பிறகும் அவர்கள் பரிந்துரைத்த தொகுப்பு இதுதான்: ஆங்கிலம், வணிக மேலாண்மை, இயற்பியல் ஆகியவை ஹையர் லெவலில், பிரெஞ்சு, காட்சிக் கலை, கணிதத்தில் 'அப்ளிகேஷன்ஸ் அண்டு இன்டர்பிரிடேஷன்' ஆகியவை ஸ்டாண்டர்ட் லெவலில். "சார், மேடம், கணக்கு எதுவானாலும் கணக்குதான். இதில் அவன் 6 வாங்குவான், அதில் வாங்க மாட்டான். பல்கலைக்கழகம் பார்ப்பது மொத்தப் புள்ளியைத்தான்" என்று கவுன்சிலர் சொன்ன சொற்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன.

அந்தக் கூற்று உண்மையல்ல. ஐ.பி. 2019 முதல் கணிதத்தை இரண்டு தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறது. 'அனாலிசிஸ் அண்டு அப்ரோச்சஸ்' என்பது இயற்கணிதம், நுண்கணிதம், நிறுவல் ஆகியவற்றில் ஆழமாகச் செல்வது. அதன் முதல் தாளைக் கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டும். 'அப்ளிகேஷன்ஸ் அண்டு இன்டர்பிரிடேஷன்' என்பது புள்ளியியல், மாதிரியமைத்தல், தரவு ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது. அதன் எல்லாத் தாள்களிலும் கால்குலேட்டர் உண்டு. ஸ்டாண்டர்ட் லெவலில் இரண்டுக்கும் பொதுவாக உள்ள பகுதி 150 மணி நேரத்தில் ஏறக்குறைய 60 மணி நேரம் மட்டுமே. இரண்டாவது பாடம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. உளவியலோ சமூக அறிவியலோ படிக்கப் போகும் மாணவருக்கு அது மிகப் பொருத்தமான கணிதம். ஆனால் பொறியியலின் முதல் பருவத்திலேயே நுண்கணிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய ஒரு பையனுக்கு அதன் ஸ்டாண்டர்ட் லெவலைப் பரிந்துரைப்பது, அவன் போக வேண்டிய ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எதிர்த்திசையில் செல்லும் ரயிலுக்குச் சீட்டு எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

ஜெர்மனியில் வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ்களை எந்த நிபந்தனைகளில் ஏற்பது என்பதை அந்நாட்டு மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்து வைத்திருக்கிறது. ஐ.பி. டிப்ளமாவுக்கு அது விதிக்கும் நிபந்தனைகள் பலவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கணிதம், 'அனாலிசிஸ்' பாடத்தின் ஏதாவது ஒரு நிலையாகவோ, 'அப்ளிகேஷன்ஸ்' பாடத்தின் ஹையர் லெவலாகவோ இருக்க வேண்டும். ஹையர் லெவல் பாடங்களில் ஒன்று கணிதமாகவோ இயற்கை அறிவியலாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை என் மகனுக்கு இயற்பியலால் நிறைவேறியது. முதலாவது நிறைவேறவில்லை. அவன் 45 புள்ளிகளுக்கு எவ்வளவு நெருங்கி வாங்கினாலும், அந்தக் கணிதத்தை வைத்துக்கொண்டு பொறியியலுக்கு நேரடியாக விண்ணப்பித்திருக்க முடியாது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதாலேயே, எங்களைப் போன்ற குடும்பங்கள் பள்ளிக் கட்டணத்தின் சுமையைத் தாங்கிக்கொண்டு அந்த வழியைத் திட்டமிடுகின்றன. அந்தக் கணக்கே இதனால் குலைந்துபோயிற்று.

சரி, ஜெர்மனி இல்லையென்றால் இங்கேயே படிக்கலாம் என்று நினைத்தோம். அந்தக் கதவையும் அந்தத் தொகுப்பு அடைத்து வைத்திருந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் வேண்டும். ஐ.பி.யில் ஆறாவது பாடமாகக் கலைக்குப் பதில் இன்னோர் அறிவியல் பாடத்தை எடுக்க விதியில் இடம் இருக்கிறது. இந்தியாவில் பொறியியலோ மருத்துவமோ படிக்க நினைக்கும் மாணவர்கள் அப்படித்தான் இரண்டு அறிவியல் பாடங்களை எடுக்கிறார்கள். அந்த வாய்ப்பு இருப்பதாகவே எங்களுக்குச் சொல்லப்படவில்லை. காட்சிக் கலை "விண்ணப்பத்துக்கு முழுமை தரும்" என்று மட்டும் சொன்னார்கள். வேதியியல் வகுப்பில் அந்த ஆண்டு இடம் குறைவாக இருந்தது என்பது பின்னர் மற்றொரு பெற்றோர் மூலம்தான் தெரியவந்தது.

உண்மையை எங்களுக்குச் சொன்னவர் பள்ளியைச் சேர்ந்தவர் அல்லர். ஜெர்மன் வகுப்பில் உடன் படித்த ஓர் இளைஞர், என் மகன் எடுத்திருந்த கணிதத்தின் பெயரைக் கேட்டதும் "தம்பி, இதை வைத்துக்கொண்டு அங்கே சேர முடியாதே" என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவே ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தன் தளத்தில் வைத்திருக்கும் சேர்க்கைத் தகுதித் தரவுகளைப் பார்த்தோம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பக்கம் அது. மாணவர்களை உலகெங்கும் அனுப்புவதாக விளம்பரம் செய்யும் ஒரு பள்ளியில், அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரு கவுன்சிலர், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமலேயே ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானித்திருக்கிறார் என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அப்போது பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருந்தது. கணிதத்தை மாற்றித் தரும்படியும், கலைக்குப் பதில் வேதியியல் தரும்படியும் எழுத்து மூலம் கேட்டோம். பல வாரங்கள் பதில் இல்லை. பிறகு நடந்த சந்திப்பில், மாற்றுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்றும், இறுதித் தேர்வில் அவன் எவ்வளவு வாங்குவான் என்று ஆசிரியர்கள் கணித்த முன்கணிப்பு மதிப்பெண்கள் எப்படியும் குறைவாகவே இருக்கின்றன என்றும், ஆகவே அவன் முழு டிப்ளமாவுக்குப் பதிலாக 'கோர்சஸ்' என்ற "நெகிழ்வான பாதைக்கு" மாறிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். சம்மதப் படிவம் ஒன்றைத் தயாராகவே வைத்திருந்தார்கள். மறுநாளே கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

அந்தப் பாதை என்ன என்பதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'கோர்சஸ்' மாணவர் தனித்தனிப் பாடங்களில் தேர்வு எழுதி, அந்தப் பாடங்களுக்கான முடிவுகளை மட்டும் பெறுவார், டிப்ளமா கிடைக்காது. அதே வகுப்பறை, அதே ஆசிரியர், அதே கட்டணம். கடைசியில் கையில் வரும் தாள் மட்டும் வேறு. சில நாடுகளில் சில பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் ஜெர்மனியில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு டிப்ளமாதான் அடிப்படை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் டூவுக்கு இணையாக 1983 முதல் ஏற்றிருப்பதும் டிப்ளமாவைத்தான். அது இல்லாத மாணவர் இங்கே தனித் தகுதிச் சிக்கல்களைச் சந்திக்க நேரிடும். இவற்றில் ஒன்றைக்கூட அந்தப் படிவம் குறிப்பிடவில்லை.

இப்படி ஒரு யோசனையை ஏன் முன்வைத்தார்கள் என்பதற்கு, என் கணிப்பில், ஒரே ஒரு காரணம்தான் பொருந்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் வாரத்தில் மே மாதத் தேர்வின் முடிவுகள் வந்ததும், பள்ளிகள் தங்கள் சராசரிப் புள்ளியைப் பதாகைகளிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் போடுகின்றன. உலக சராசரி 30 புள்ளிகளை ஒட்டியே இருக்கிறது. அதைவிட ஐந்தாறு புள்ளிகள் கூடுதலாகக் காட்டினால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை நிரம்பும். அந்தச் சராசரி முழு டிப்ளமா எழுதியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. தேர்வுக்கு முன்பே 'கோர்சஸ்' பக்கம் நகர்த்தப்பட்ட மாணவர், அந்தக் கணக்கில் சேர மாட்டார். தேர்ச்சி விழுக்காட்டிலும் சேர மாட்டார். எளிதான கணிதத்துக்குத் தள்ளுவதும் அதே நோக்கத்துக்கு உதவுகிறது. நான் பேசிய பெற்றோரின் பிள்ளைகளில் இப்படி நகர்த்தப்பட்டவர்கள் எல்லோரும் நடுத்தர மதிப்பெண் வாங்குகிறவர்கள். உழைத்தால் 28, 30 என்று எடுத்து டிப்ளமாவோடு வெளியே வந்திருக்கக்கூடியவர்கள். பள்ளியின் விளம்பர எண்ணுக்காக ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் "உன்னால் முடியாது" என்று சொல்வது எனக்குப் பெரும் கொடுமையாகவே படுகிறது. என் மகன் அந்தச் சந்திப்புக்குப் பிறகு பல நாட்கள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நாங்கள் கையெழுத்திடவில்லை. ஐ.பி. அமைப்புக்கும் எழுதினோம், பள்ளிகள் தனித்து இயங்குபவை, எந்தப் பாடத்தை வழங்குவது, யாரை எதில் சேர்ப்பது என்பதெல்லாம் பள்ளியின் முடிவு என்ற வகையில்தான் பதில் வந்தது. இறுதியில் அவனை அங்கிருந்து எடுத்து, வேறொரு பள்ளியில் மீண்டும் பதினொன்றாம் வகுப்பிலேயே சேர்த்தோம். இப்போது 'அனாலிசிஸ்' கணிதமும் இயற்பியலும் ஹையர் லெவலில், வேதியியல் ஸ்டாண்டர்ட் லெவலில் படிக்கிறான். பழைய பள்ளி, முன்னறிவிப்புக் காலத்துக்கான கட்டணம் என்று ஒரு பருவத் தொகையைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் கலந்தாலோசித்த வழக்கறிஞர், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை ஊக்குவிக்கவில்லை. கல்வி ஒரு சரக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதையும், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வி அந்த நீதிமன்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டிருப்பதையும் எடுத்துச் சொன்னார். ஆகவே பணம் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு எங்களுக்கு இல்லை.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பள்ளி தரும் தொகுப்பை ஏற்பதற்கு முன் பிள்ளை போக நினைக்கும் நாட்டின் சேர்க்கை விதியையும், இந்தியாவில் மாற்று வழியாக வைத்திருக்கும் படிப்பின் விதியையும் நேரடியாக அந்தந்த அதிகாரபூர்வத் தளத்தில் படித்துவிடுங்கள். கணிதத்தின் முழுப் பெயரையும் நிலையையும் பள்ளி எழுத்தில் உறுதிசெய்யட்டும். "கணிதம்" என்று மட்டும் எழுதிய படிவத்தை ஏற்காதீர்கள். சென்ற ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் எத்தனை பேர் டிப்ளமாவில் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் டிப்ளமா எழுதினார்கள் என்று கேளுங்கள். சராசரிப் புள்ளியைவிட அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்தப் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும். பாடத்தையோ நிலையையோ மாற்ற வேண்டுமானால் பதினொன்றாம் வகுப்பின் முதல் சில வாரங்களிலேயே மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு விடுபட்ட பகுதிகளை எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். மே மாதத் தேர்வுக்கான பதிவு அதற்கு முந்தைய நவம்பர் நடுவில் முடிகிறது. அந்தப் பதிவைப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே செய்ய முடியும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரிலேயே, உங்கள் பிள்ளை எந்தப் பாடங்களில், எந்த நிலையில், டிப்ளமா மாணவராகவா 'கோர்சஸ்' மாணவராகவா பதிவு செய்யப்பட்டிருக்கிறார் என்பதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.