வெண்ணெயா, மார்ஜரினா?

"அக்கா, அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால். பன்னுல எதைத் தடவுறது?" ராயபுரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

கெட்ட கொழுப்பு: வெண்ணெயில் பாதி எடை நிறைவுற்ற கொழுப்பு, ஒரு மேசைக்கரண்டியில் 7 கிராம். மார்ஜரின் என்பது வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயில் செய்வது. டப்பாவில் வரும் மென்மையான மார்ஜரினில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு.

கொலஸ்ட்ரால்: வெண்ணெயில் உண்டு. தாவர எண்ணெய் மார்ஜரினில் இல்லை.

கலோரி: ஏறக்குறைய ஒன்றுதான்.

எண்ணெயைக் கட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புதான் பெரிய பயம். பழைய மார்ஜரினில் அது நிறைய இருந்தது. கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை ஏற்றி, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லைக் குறைக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது இந்தியச் சட்டம். ஆனாலும் பேக்கரிக் கட்டி மார்ஜரின் வேறு ரகம். மே மாத வெயிலிலும் இளகாது, பன்னில் கடித்தால் மேலண்ணத்தில் மெழுகாய் ஒட்டும். அதில் பெரும்பாலும் பாமாயில். நிறைவுற்ற கொழுப்பும் கணிசம். அதை நான் வாங்கவே மாட்டேன்.

அப்பாவுக்கு லேபிள் பார்த்து மென்மையான மார்ஜரின், அதுவும் மெல்லிசாக. ஓடியாடும் பிள்ளைகளுக்கு வாரம் ஓரிரு நாள் வெண்ணெய் போதும். டீக்கடை பன் பட்டர் ஜாம் என்றால், தடவுவது எது என்று கடைக்காரரிடம் கேட்டுவிடு.