வெள்ளைப் படமா, மரத்தின் போட்டோவா?

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் ஒரு பெட்டியை உருவாக்கினால் அது பிளைவுட் பலகைத் தோற்றத்தில் வந்து நிற்கும். புதிதாகக் கட்ட வருபவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? இணையத்தில் நல்ல தேக்கு மரப் படமாகத் தேடி எடுத்து, அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலரில் 10 கட்டி ஏற்றுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது முதல் வேலையாக டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) தேர்வுப் பெட்டியில் உள்ள வெற்று வெள்ளைப் படத்தைத்தான் போடுகிறேன். செலவு கிடையாது, ஏற்கெனவே அங்கேயே இருக்கிறது.

காரணம் நிறக் கணக்கு. பிரிமின், அதாவது நாம் கட்டப் பயன்படுத்தும் அடிப்படை வடிவத்தின் மேல் நாம் பூசும் நிறம், கீழே இருக்கும் படத்தின் நிறத்தோடு பெருக்கப்படுகிறது. வெள்ளையின் மேல் எந்த நிறம் பூசினாலும் அதே நிறம்தான் வரும். மரப் போட்டோவின் மேல் பூசினால் கதை வேறு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரை எண்ணால் குறிப்பார்கள். 150, 100, 60 என்ற பழுப்பின் மேல் 130, 180, 255 என்ற வான நீலத்தைப் பூசிப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியையும் பெருக்கி 255-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 76, 71, 60 கிடைக்கும். நீலமுமில்லை, மரமுமில்லை, சேற்று நிறம். பூச்சால் படத்தை இருட்டாக்க முடியுமே தவிர, ஒருபோதும் வெளுப்பாக்க முடியாது.

சரி, வெள்ளையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாமா? முடியாது. தூரத்துச் சுவருக்கும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் அது போதும். பக்கத்தில் போய் நின்றால் சப்பென்று இருக்கும். அங்கே கைகொடுப்பது மூன்றாவது வழி: சாம்பல் நிறத்தில், மர ரேகை மட்டும் உள்ள 512 x 512 பிக்சல் அளவுப் படம் ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கதவைப் பச்சையாகவும் அலமாரியைச் செம்பழுப்பாகவும் மாற்றிக்கொள்ளலாம். ஐந்து நிறத்துக்கு ஐந்து படம் ஏற்றினால் 50 லிண்டன் டாலர் போவது ஒரு பக்கம். பார்க்க வருபவரின் கிராபிக்ஸ் நினைவகத்தில் படத்துக்கு 1 எம்பி வீதம் 5 எம்பி உட்கார்ந்துவிடும். அதுவே 1024 அளவென்றால் ஒவ்வொன்றும் 4 எம்பி.

போட்டோவுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. கண் போய் நிற்கும் ஒரே ஒரு மேஜைக்கு, நிழலும் சேர்த்துத் தயாரித்த 1024 படம் தரும் அழகு வேறு எதிலும் வராது. ஆனால் அதையே தரைக்குத் திரும்பத் திரும்ப அடுக்கினால், ஒரே மரக்கணு மீட்டருக்கு ஒரு முறை எட்டிப்பார்க்கும். சூரியனை நகர்த்தினாலும் படத்திலுள்ள நிழல் நகராது.

அப்புறம் ஆல்ஃபா, அதாவது படத்தில் எந்த இடம் எவ்வளவு ஒளியூடுருவும் என்று சொல்லும் கூடுதல் சேனல். ஒளியூடுருவும் பகுதியே இல்லாத ஒரு சுவர்ப் படத்தை ஆல்ஃபா சேனலோடு ஏற்றிவிட்டு, பின்னால் இருந்த செடி ஏன் முன்னால் வந்து நிற்கிறது என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். சேனல் இருந்தாலே அந்தப் பக்கத்தை ஒளியூடுருவும் பரப்பாக எடுத்துக்கொண்டு, எது முன்னால் எது பின்னால் என்பதில் வியூவர் (செகண்ட் லைஃபைத் திரையில் காட்டும் மென்பொருள்) தடுமாறுகிறது. ஆல்ஃபா முறையை 'இல்லை' என்று மாற்றியதும் செடி தன் இடத்துக்குப் போய்விட்டது. இலை, கம்பி வேலி போல ஓரம் வெட்டினாற்போல் இருக்கும் படங்களுக்கு, ஒவ்வொரு புள்ளியையும் முழுக்கக் காட்டும் அல்லது முழுக்க மறைக்கும் மாஸ்கிங் முறை போதும். முழுக்க மறைய வேண்டிய பெட்டிக்கு, தயாராக உள்ள ஒளியூடுருவும் படமே சரி; எங்கே வைத்தோம் என்று மறந்துபோனால் கன்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், சிவப்பாகத் தெரியும்.