பி0700 என்ற ஒரு கோளாறு கோடை (code) வைத்து 85,000 ரூபாய் கேட்டார்கள்: ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோயம்புத்தூரில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப் பக்கம் போங்கள். கியர்பாக்ஸ் கோளாறு என்று வண்டியை விட்டால், ஸ்கேனரில் வரும் கோடுகளை, அதாவது கார் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைக்கும் கோளாறு எண்களை, போட்டோ எடுத்துக்கொள்ளாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். என் வண்டியில் கோடை அழித்தார்கள், அழித்ததற்குக் காசு வாங்கினார்கள், அப்புறம் கியர்பாக்ஸ் உள்ளேயே போய்விட்டது என்றார்கள்.

வண்டி 2014 மாடல் பெட்ரோல், 4 கியர், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை. அவிநாசி ரோட்டில் போகும்போது ஒரு உதறல், உடனே இன்ஜின் விளக்கு. அதோடு கியர் மாறுவது நின்றுவிட்டது. சிக்னலில் நின்று எடுத்தால் இழுவையே இல்லை, வேகம் பிடித்தால் இன்ஜின் கதறுகிறது. இதை லிம்ப் மோடு என்பார்கள். கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் டிசிஎம் என்ற கம்ப்யூட்டருக்கு வர வேண்டிய தகவல் சரியாக வராவிட்டால், வண்டியை ஒரே கியரில், இந்த மாதிரி 4 கியர் வண்டிகளில் பெரும்பாலும் மூன்றாவதில், பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுவாக வீடு போய்ச் சேரத்தான் இந்த ஏற்பாடு. லிம்ப் மோடு வந்தாலே கியர்பாக்ஸ் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை.

நான் போன இடம் பெரிய போர்டு, ஏசி போட்ட வெயிட்டிங் ரூம் எல்லாம் உள்ள ஒர்க்‌ஷாப். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0700 என்று வந்தது. அதை எழுதிக்கூட வைக்காமல் அழித்தார்கள். விளக்கு அணைந்தது, ஒரு ரவுண்டு போனால் எல்லா கியரும் விழுகிறது. "ரெடிங்க சார்" என்று கையில் கொடுத்த பில்லில் "டிசிஎம் ரீபுரோகிராமிங் - 4,500" என்று இருந்தது. ரீபுரோகிராமிங் என்றால் டிசிஎம்மில் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றுவது. நடுவில் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று சப்ளை கொடுத்து, பொறுமையாகச் செய்கிற வேலை. இங்கே நடந்தது எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

கோடை அழித்ததும் வண்டி ஏன் நன்றாக ஓடுகிறது? அழித்து, சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் டிசிஎம் பழசை மறந்துவிட்டு, எல்லாம் சரி என்று நினைத்து வழக்கம்போல் கியர் மாற்றும். அதே கோளாறை மறுபடி பார்க்கும் வரைதான். வயர் தளர்வு மாதிரி விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் ஒரு ரவுண்டில் தெரியாது. வண்டி சூடாகணும், பள்ளத்தில் இறங்கணும்.

அந்த வாரமே திரும்ப வந்தது. அதே ஒர்க்‌ஷாப்.

"உள்ளயே போயிருச்சுங்க சார். வால்வ் பாடி மாத்தணும், 85,000 ஆகும். இப்படியே ஓட்டுனா நடுரோட்ல நின்னுரும்."

"எந்த கோடு வந்துச்சுங்க?"

"அதேதாங்க, பி0700. கியர்பாக்ஸ் கோடு."

வால்வ் பாடி என்பது கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்ற வைக்கும் பாகம். அதை மாற்றச் சொன்னவர்கள் கியர்பாக்ஸ் ஆயில் அளவைக்கூடப் பார்க்கவில்லை.

இந்த பி0700 தனியாக ஒரு கோளாறே இல்லை. டிசிஎம்மில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதுதான் அது. வாசலில் நின்று "தந்தி வந்திருக்கு" என்று கத்துகிற மாதிரி. தந்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பது டிசிஎம்முக்குள் நுழைந்து படிக்கும் ஸ்கேனரில்தான் தெரியும். பி0715, பி0720 பக்கம் வருவது ஸ்பீடு சென்சார்கள், பி0730 பக்கம் கியர் விகிதம் பொருந்தாதது, பி0741 டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச், பி0750க்கு மேல் சோலினாய்டுகள், அதாவது ஆயிலைத் திறந்து மூடும் மின்சார வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் ரீடர்கள் பலவும் பி0700-ஓடு நின்றுவிடும். காசு கேட்கிற ஒர்க்‌ஷாப்பும் அங்கேயே நின்றால்?

சிங்காநல்லூரில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவருடைய ஸ்கேனரில் டிசிஎம்முக்குள் போனதும் பி0722 வந்தது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வேகத்தை அளக்கும் அவுட்புட் ஸ்பீடு சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை என்று அர்த்தம். அவரும் அழிக்கத்தான் செய்தார், ஆனால் முதலில் என்னை போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வண்டியை லிஃப்டில் தூக்கி, டிரைவில் போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு லைவ் டேட்டாவைப் பார்த்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திரையில் அந்த வேகம் மட்டும் திடீர் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. உதவியாளர் கீழே போய் சென்சார் வயரை லேசாக ஆட்ட, எண் குதித்தது. கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு, தண்ணீர் இறங்கியிருக்கிறது. கனெக்டரும் சென்சாரும் மாற்றி மொத்தம் 2,800 ரூபாய். ஆயிலையும் எடுத்து முகர்ந்து பார்த்தார், கருகல் வாசனை இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை விளக்கு எரியவில்லை.

எல்லாக் கோடும் வயரில்தான் முடியும் என்று சொல்லவில்லை. ஆயில் கருகி நாறுகிறது, ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறியும் வண்டி ஏறவில்லை, கூடவே பி0730 வகைக் கோடுகள் என்றால் உள்ளே தேய்மானம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்போது பெரிய செலவு நியாயமாகவே வரலாம். அதை நிரூபித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். விற்பதற்கு முன் கோடை அழித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல வண்டிகளில், கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும், சாதாரண ப்ளூடூத் ரீடரிலேயே பார்க்கலாம். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்த எண் 10, 15 என்று இருந்தால், ஏன் என்று கேளுங்கள். ரெடினஸ் சோதனைகள் (கோடு அழித்த பிறகு வண்டி ஓட ஓட கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடியாமல் நின்றாலும் அதே சந்தேகம்தான். பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் இப்படி ஆகும், அதனால் பதிலைக் கேட்டுவிட்டு நீண்ட டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் கோடெல்லாம் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் வரும், தெருமுனை வரை போய்த் திரும்பினால் வராது.

பழைய ஒர்க்‌ஷாப்பிடம் 4,500ஐத் திருப்பிக் கேட்டேன். அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த சர்வீஸுக்கு அங்கே யார் போவது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில்லில் "ரீபுரோகிராமிங்" என்று எழுத்தில் இருப்பதால், எந்த சாஃப்ட்வேரை ஏற்றினீர்கள் என்று எழுத்திலேயே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.